முதலில் ரோட்டர் சுற்றட்டும், பிறகு வண்டி ஓடட்டும்: கைரோபிளேன் தரைப் பயிற்சி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர், பென்சன் வகையைச் சேர்ந்த ஒற்றை இருக்கைக் கைரோபிளேனை, அதாவது தலைக்கு மேல் சுழலும் ரோட்டரால் எழும்பிப் பறக்கும் சிறு வண்டியை, தம் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டி முடித்திருக்கிறார். அதன் ரோட்டர் இரண்டு பிளேடுகளுடன் ஏறத்தாழ 7 மீட்டர் விட்டம் கொண்டது; கையால் தள்ளித்தான் அதைச் சுற்றத் தொடங்க வேண்டும்; ரோட்டரின் சுற்றெண்ணைக் காட்டும் மானி பொருத்தப்படவில்லை. ஆளில்லாத ஓடுபாதையில் ஓட்டிப் பார்த்தபோது, வேகம் கூடிய சில நொடிகளிலேயே கையிலிருந்த ஸ்டிக் (ரோட்டரைச் சாய்க்கும் கட்டுப்பாட்டுக் கோல்) பலமாக அடித்து உதறத் தொடங்கியதாகவும், அஞ்சி நிறுத்திவிட்டதாகவும் எழுதுகிறார். அவர் கேட்பவை நான்கு: ஸ்டிக் ஏன் அப்படி உதறியது? தரையில் எந்த வேகம் வரை ஓட்டுவது பாதுகாப்பானது? பறக்காமல் தரையில் மட்டும் தனியாகப் பழகிக்கொண்டு, கை பழகிய பின் பயிற்றுநரிடம் போகலாமா? ரோட்டரை முன்கூட்டியே சுழற்றும் கருவியை வாங்கிப் பொருத்தினால் சிக்கல் தீருமா?

அன்புள்ள வாசகருக்கு, நீங்கள் நிறுத்தியது மிகச் சரி. இன்னும் இரண்டு மூன்று நொடிகள் தாமதித்திருந்தால் பிளேடு வால்பகுதியை வெட்டியிருக்கக்கூடும். இதைப் படித்து முடித்து, கீழே சொல்லியிருக்கும் சோதனைகளைச் செய்யும் வரை அந்த எஞ்சினை மறுபடி இயக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்கு நேர்ந்தது பிளேடு ஃபிளாப் எனப்படும் நிலை. கைரோபிளேனின் ரோட்டரை எஞ்சின் சுழற்றுவதில்லை. பிளேடுகள் சுற்றும் வட்டத்தின் ஊடே கீழிருந்து மேலாகச் செல்லும் காற்றே சுழற்றுகிறது. ஆகவே ஓட்டத்தின் தொடக்கத்தில் ரோட்டர் மெதுவாகவும், பின்னால் உள்ள புரொப்பல்லரின் தள்ளலால் வண்டி வேகமாகவும் போகிற ஒரு பொருத்தமின்மை மிக எளிதாக உண்டாகிறது. மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும் உங்கள் ரோட்டரில், வலப்பக்கம் வரும் பிளேடு எதிர்க்காற்றை நோக்கி முன்னேறுகிறது. இடப்பக்கம் இருப்பது காற்றோடு சேர்ந்து பின்வாங்குகிறது. கையால் தள்ளி ரோட்டரை நிமிடத்துக்கு 60 சுற்று வரை கொண்டுவந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 7 மீட்டர் விட்டத்துக்கு அதன் முனைவேகம் மணிக்கு ஏறத்தாழ 79 கிலோமீட்டர். அந்த நிலையில் வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால், முன்னேறும் பிளேடின் முனை 119 கிலோமீட்டர் வேகக் காற்றையும், பின்வாங்கும் முனை வெறும் 39 கிலோமீட்டர் வேகக் காற்றையும் சந்திக்கின்றன. ஒரே கோணத்தில் இருக்கும் பிளேடின் ஏற்றுவிசை காற்று வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஒரு முனையின் விசை மற்றதைப் போல ஒன்பது மடங்காகிவிடுகிறது. அதோடு, பின்வாங்கும் பிளேடின் உட்பாதியில் காற்று பின்விளிம்பிலிருந்து முன்விளிம்புக்குத் தலைகீழாகவே பாய்கிறது. அதே 40 கிலோமீட்டர் வேகத்தில் ரோட்டர் 400 சுற்றில் இருந்திருந்தால் முனைவேகம் 528 கிலோமீட்டராக இருந்திருக்கும். இரண்டு பக்கத்துக்கும் உள்ள விசை வேறுபாடு மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இந்த வேறுபாட்டைச் சமாளிப்பதற்காகத்தான் இரண்டு பிளேடுகளும் டீட்டர் போல்ட் ஒன்றின் மேல் சீசாப் பலகையைப் போல ஏறி இறங்கும்படி பொருத்தப்பட்டிருக்கின்றன. முன்னேறும் பிளேடு மேலெழும்போது அதன் தாக்குகோணம் (அது காற்றைச் சந்திக்கும் கோணம்) குறைகிறது. பின்வாங்கும் பிளேடு தாழும்போது கோணம் கூடுகிறது. இரண்டு பக்கமும் சமமாகின்றன. ஆனால் இந்தச் சமன்செய்தலுக்கு ஓர் எல்லை உண்டு. பின்வாங்கும் பிளேடு தாழ்ந்து தாழ்ந்து ஸ்டால் ஆகும், அதாவது ஏற்றுவிசை முறிந்துபோகும், கோணத்தைக் கடந்துவிட்டால், மேலும் தாழ்வதால் அதற்கு ஏற்றுவிசை கிடைப்பதில்லை. ஆகவே அது, ஏறி இறங்குவதற்கு எல்லையாக வைத்திருக்கும் தடுப்பானில் மோதும் வரை விழுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு அரைச்சுற்றிலும் விழும் அந்த அடிதான் கட்டுப்பாட்டுக் கம்பிகள் வழியாக உங்கள் கைக்கு வந்தது. வலப்பக்கத்தில் எழும் பிளேடு தன் உச்சத்தை முன்னால் வந்த பிறகே அடைகிறது. இடப்பக்கத்தில் தாழும் பிளேடு பின்னால் போகும்போதுதான் மிகத் தாழ்கிறது. வால், புரொப்பல்லர், ரடர் (திசை திருப்பும் வால் பலகை) எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ரோட்டர் வட்டம் இப்படிப் பின்னால் சாயச் சாய இன்னும் அதிகக் காற்று அடியிலிருந்து தாக்குவதால், தொடங்கிய நிலை தானாக அடங்காமல் வளர்கிறது.

ஆகவே அந்த உதறலின் முதல் அறிகுறியிலேயே ஸ்டிக்கை முன்னால் தள்ளி வட்டத்தைச் சமமாக்க வேண்டும், அதே நேரத்தில் திராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) முழுவதும் மூட வேண்டும், பெடல்களால் வண்டியை நேராக வைத்துக்கொண்டு மென்மையாக பிரேக் பிடிக்க வேண்டும். அடிக்கும் ஸ்டிக்கை இன்னும் பின்னுக்கு இழுப்பது, வேகத்தைக் கூட்டினால் ரோட்டர் எட்டிப்பிடித்துவிடும் என்று நம்பி எஞ்சினைத் திறப்பது, ஓடுபாதையை விட்டு வெட்டித் திரும்புவது ஆகிய மூன்றும் வண்டியைக் கவிழ்க்கும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இந்த விளக்கத்திலேயே இருக்கிறது. தரையில் இத்தனை கிலோமீட்டர் வரை பாதுகாப்பு என்று ஓர் எண்ணைத் தனியாகச் சொல்ல முடியாது. அந்தக் கணத்தில் ரோட்டர் எத்தனை சுற்றில் இருக்கிறது என்பதோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும். மேலும் பிளேடு அறிவது தரைவேகத்தை அல்ல, காற்று வேகத்தை. 15 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவது, காற்றில்லாத காலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதற்குச் சமம். சுற்றெண் மானி இல்லாமல் பழகுபவர், ரோட்டர் சுற்று, காற்று வேகம் ஆகிய இரண்டில் முதலாவதைக் குத்துமதிப்பாகவே அறிகிறார். மானியைப் பொருத்துங்கள், புதிதாகப் பழகுபவருக்கு அது கட்டாயம் என்பது என் உறுதியான கருத்து.

இனி வண்டியின் சோதனை. ஃபிளாப் நேர்ந்த ரோட்டரை, பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்பதற்காக மறுபடி சுழற்றக் கூடாது. டீட்டர் தடுப்பான்களில் நசுங்கலோ புதிய பளபளப்போ இருக்கிறதா என்று பாருங்கள். டீட்டர் போல்ட்டைக் கழற்றி அதன் நேர்த்தியையும் புஷ்களின் தேய்மானத்தையும் ஆராயுங்கள். இரண்டு பிளேடுகளையும் இணைக்கும் மையப் பட்டையில், குறிப்பாகப் போல்ட் துளைகளைச் சுற்றி, விரிசல் இருக்கிறதா என்று சாயம் ஊடுருவும் சோதனை செய்வது நல்லது. பிளேடுகளின் வேர்ப்பகுதி, பின்விளிம்பின் ஒட்டு, ஸ்டிக்கிலிருந்து ரோட்டர் தலை வரை செல்லும் கம்பிகளின் முனை பேரிங்குகள், மாஸ்ட் (ரோட்டரைத் தாங்கும் தூண்) பொருந்தும் தகடுகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ரடரின் மேல்விளிம்பில் பிளேடின் வண்ணம் ஒட்டியிருந்தால், உரசல் நடந்துவிட்டது என்று பொருள். அந்த பிளேடுகள் அவற்றைத் தயாரித்தவரின் ஆய்வுக்குப் போக வேண்டும். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகும், இரண்டு பிளேடு முனைகளுக்கும் இடையே நூல் கட்டி அது மையத்தின் மேல் நேராகச் செல்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது கேள்வியைப் பல பேர் கேட்கிறார்கள், அதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1950களில் இகோர் பென்சன் தம் வடிவமைப்புகளின் வரைபடங்களையும் உதிரித் தொகுப்புகளையும் விற்றபோது, எஞ்சின் இல்லாமல் காரின் பின்னால் கயிற்றில் இழுக்கப்படும் கைரோ கிளைடரும் அவற்றில் இருந்தது. கட்டியவர்கள் பலரும் முதலில் அதில் ரோட்டரைக் கையாளக் கற்றுக்கொண்டு, பிறகே எஞ்சினை ஏற்றினார்கள். புரொப்பல்லரின் தள்ளல் இல்லாததால், வண்டி ரோட்டரை முந்திக்கொண்டு ஓடும் வாய்ப்பைக் கார் ஓட்டுபவர் கட்டுப்படுத்த முடிந்தது. அந்தப் படியைத் தாண்டி எஞ்சினோடு தனியாகத் தொடங்குபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

சட்டமும் இங்கே உங்களைத் தடுக்காமல் போகலாம். அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் 103ஆம் பகுதி விதிகளின்படி, வெற்று எடை 254 பவுண்டுக்குக் குறைவாகவும், எரிபொருள் 5 காலனுக்கு மிகாமலும், சமதளப் பறத்தலில் வேகம் 55 நாட் (மணிக்கு ஏறத்தாழ 102 கிலோமீட்டர்) அளவுக்கு மிகாமலும் உள்ள ஒற்றை இருக்கை வாகனத்தை ஓட்ட உரிமம் தேவையில்லை. உங்கள் வண்டி அந்த எல்லைக்குள் வந்தாலும், உரிமம் தேவையில்லை என்பதை பயிற்சி தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லையைத் தாண்டினால் வண்டிக்குப் பதிவும், பறக்கும் தகுதிச் சான்றும், உங்களுக்கு விமானி சான்றிதழும் வேண்டும். என் பதில் இதுதான்: ரோட்டர் பொருத்திய நிலையில் முதல் ஓட்டம் இரட்டை இருக்கைக் கைரோபிளேனில், பயிற்றுநர் பக்கத்திலோ பின்னாலோ அமர்ந்திருக்கும்போதே நடக்க வேண்டும். அவரிடம் பறப்பதற்கு முன்பாகவே தரைக் கையாளலுக்கென்று தனி நேரம் கேட்டு வாங்குங்கள்.

அதற்கிடையில் உங்கள் வண்டியில் தனியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிளேடுகளைக் கழற்றி வைத்துவிட்டு, திராட்டில், பிரேக், பெடல் மூன்றும் கைகாலுக்குப் பழகும் வரை மெதுவாக ஓட்டுங்கள். புவியீர்ப்பு மையம் உயரமாகவும் சக்கர இடைவெளி குறுகலாகவும் இருக்கும் வண்டி இது என்பதை நினைவில் வைத்து, திருப்பங்களில் நடை வேகத்தைத் தாண்டாதீர்கள்.

பயிற்றுநரோடு ரோட்டர் வேலை தொடங்கும்போது வரிசை பின்வருமாறு இருக்கும். அகலமான, சீரான தார் ஓடுபாதையில், சீராக வீசும் இலேசான காற்றை நேர் எதிரே வைத்து நிறுத்திக்கொள்ள வேண்டும். குலுக்கிக் குலுக்கி வீசும் காற்று ஆகாது. ஸ்டிக்கை முன்னால் வைத்துக் கையால் பிளேடுகளைத் தள்ளி, கை எட்டிப்பிடிக்க முடியாத வேகம் வந்ததும் ஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் பின்னுக்குக் கொண்டுவந்து காற்றைப் பிடிக்க விட வேண்டும். நடை வேகத்தில் உருண்டு காத்திருங்கள். சுற்றெண் ஏறுவது மானியில் தெரிந்த பிறகே இன்னும் கொஞ்சம் வேகம். ஏறுவது நின்றால் நீங்களும் வேகம் கூட்டுவதை நிறுத்துங்கள். ஸ்டிக்கில் அடி தெரிந்தால் முன்னால் சொன்னபடி செய்து ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். ஓடுபாதையின் பாதி இதிலேயே தீர்ந்துபோகலாம். அதைக் குறையாக எண்ணி அவசரப்பட வேண்டாம். பொதுவாக 200 சுற்றைத் தாண்டிய பின் ரோட்டர் விரைவாகத் தானே ஏறத் தொடங்கும்.

அடுத்தது, முன்சக்கரத்தை ஒரு சாண் உயர்த்தி இரு பின்சக்கரங்களின் மேல் சமன் செய்து ஓடும் பயிற்சி. மூக்கு எழத் தொடங்கியவுடன் ஸ்டிக்கை முன்னுக்கு விட்டு அதை அங்கேயே நிறுத்தவும், திராட்டிலைக் குறைக்கவும் கை தயாராக இருக்க வேண்டும். முழுவதும் பின்னால் இழுத்தபடியே இருந்தால் மூக்கு மேலும் உயர்ந்து, வண்டி மிகக் குறைந்த வேகத்தில் தரையை விட்டு எழும்பிவிடும். அந்த வேகத்தில் எஞ்சின் முழுச் சக்தியும் கொடுத்தாலும் மேலேற முடியாது, புரொப்பல்லரின் முறுக்கமோ ஒரு பக்கமாகச் சாய்க்கும். தரையில் மட்டும் பழகுகிறேன் என்ற எண்ணத்துக்கு எதிராக நான் சொல்வது இதனால்தான்: ரோட்டர் 300 சுற்றைத் தாண்டிவிட்டால் ஒரு காற்று வீச்சே உங்களைத் தூக்கிவிடலாம், அப்போது இறக்கத் தெரிந்திருக்க வேண்டும். முன்சக்கரத்தை மீண்டும் தரையில் வைப்பதற்கு முன் பெடல்களை நேராக்குங்கள். திரும்பிய சக்கரம் தரையைத் தொட்டால் வண்டி வெட்டும்.

ஓட்டத்தின் முடிவிலும் அதே ஆபத்து எதிர்த் திசையில் வருகிறது. ரோட்டர் வேகம் இழக்கும்போது பிளேடுகளை விறைப்பாக வைத்திருந்த மையவிலக்கு விசை குறைந்து, அவை தொய்ந்து தொங்குகின்றன. அந்த நேரத்தில் மேடுபள்ளத்தில் வேகமாக ஓட்டினாலோ, பின்காற்றில் திரும்பினாலோ பிளேடு வாலில் படலாம். எதிர்க்காற்றை நோக்கி நின்று, ஸ்டிக்கை முன்னால் வைத்து, ரோட்டர் முழுவதும் அடங்கிய பிறகே திரும்பி வாருங்கள். குறுக்குக் காற்றில் ஸ்டிக்கைக் காற்று வரும் பக்கம் சற்றுச் சாய்த்து வையுங்கள். பிளேடுகள் நிற்கும் வரை எவரையும் அருகே விடாதீர்கள். தொய்ந்த பிளேடு நிற்கும் ஆளின் தலை உயரத்துக்கு வரும். நிறுத்திய பின் பிளேடுகளை முன்பின்னாக வைத்துக் கட்டுங்கள்.

கடைசியாக, முன்சுழற்றி. தாராளமாகப் பொருத்துங்கள், கையால் தள்ளும் நிலையிலிருந்து 200 சுற்றுவரையிலான ஆபத்தான இடைவெளியின் பெரும்பகுதியை அது கடத்திவிடுகிறது. ஆனால் சிக்கலை அது முழுவதும் தீர்க்காது. முன்சுழற்றி பொருத்திய, ஆலையில் தயாரான கைரோபிளேன்களிலும் புறப்பாட்டின்போது ஃபிளாப் நேர்ந்து வண்டிகள் கவிழ்ந்திருக்கின்றன. முன்சுழற்றும்போது ஸ்டிக் முன்னால் இருக்கும். கருவியை விடுவித்ததும் அதைப் பின்னுக்கு இழுக்க மறந்தால் ரோட்டருக்குக் காற்று கிடைக்காமல் சுற்றெண் இறங்குகிறது. எஞ்சினோ முழுவேகத்தில் வண்டியைத் தள்ளுகிறது. தாமதமாக நினைவு வந்து ஸ்டிக்கை இழுக்கும் கணத்தில் உங்களுக்கு நேர்ந்தது இன்னும் அதிக வேகத்தில் நேர்கிறது. ஆகவே முன்சுழற்றியை விடுவித்தவுடன் ஸ்டிக் பின்னால், மானியில் சுற்றெண் ஏறுகிறதா என்று ஒரு பார்வை, அதன் பிறகே திராட்டில். இடையில் வேறு எதற்காகவாவது காத்திருக்க நேர்ந்து சுற்றெண் இறங்கிவிட்டால், மறுபடி முதலிலிருந்து முன்சுழற்ற வேண்டும்.