முருகனைப் பிடிக்கப் பிள்ளையார் ஆன கதை

அன்புள்ள ஐயா,

வணக்கம். பக்திப் பாடல்களை எல்லாம் கணினியில் ஒரே ஃபோல்டரில் சேர்த்து வைத்திருக்கிறேன். அந்த மஞ்சள் படத்துக்குப் பதிலாகப் பத்துமலை முருகன் சிலையை ஐகானாக வைக்க ஆசைப்பட்டேன். தைப்பூசத்தன்று கைப்பேசியில் நானே எடுத்த படம். 256க்கு 256 பிக்சலாகச் சுருக்கினால் முருகன் குள்ளமாகத் தடித்து நிற்கிறார். மகள் பார்த்துச் சிரிக்கிறாள். படம் கெடாமல் ஐகான் செய்வது எப்படி? எந்த இணையதளத்தில் மாற்றுவது நல்லது? விண்டோஸ் ஏன் சதுரமாகவே கேட்கிறது? நீங்கள் ஒரு காலத்தில் கணினிக் கடையில் வேலை பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த உரிமையில் கேட்கிறேன்.

த. கு., செந்தூல்

அன்புள்ள த. கு.,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ஐகானைத் திறந்து பார்த்தேன். உங்கள் மகள் சிரித்ததில் தவறே இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நீங்கள் முருகனைப் பிடிக்கப் போய் அவருடைய அண்ணனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். 2006 முதல் 42.7 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறவரை இப்படியா அமுக்குவது? கையிலிருக்கும் வேல் உலக்கையாகிவிட்டது.

சிற்ப நூல்களில் இதற்குக் கணக்கு இருக்கிறது. முகத்தின் நீளம் ஒரு தாலம். நின்ற கோலத்துத் தெய்வங்களுக்கு ஒன்பது, பத்துத் தாலம் என்று உயரம் போகும். பிள்ளையாருக்கு ஐந்து தாலம். விரல் நீளத்துக்குச் செய்தாலும் கோபுர உயரத்துக்குச் செய்தாலும் தாலக் கணக்கு மாறாது. அளவு வேறு, விகிதம் வேறு. நீங்கள் மாற்ற நினைத்தது அளவை, மாற்றியது விகிதத்தை.

அதுவும் தெரியாமல் நடந்ததல்ல. அகலம் என்ற கட்டத்தில் 256 என்று போட்டிருப்பீர்கள். உயரம் தானாக 341 ஆகியிருக்கும். அதையும் 256 ஆக்கப் பார்த்திருப்பீர்கள், அகலம் 192க்கு இறங்கியிருக்கும். கோபம் வந்து, விகிதத்தைக் காப்பாற்றும் அந்தச் சரிக்குறியை நீக்கியிருப்பீர்கள். கணினி இரண்டு தடவை எச்சரித்திருக்கிறது ஐயா. கேட்காதது நீங்கள்தான்.

192 என்று இறங்கியதே, அதுதான் உங்களுக்கு வேண்டிய விடை. 192க்கு 256 என்று அப்படியே விடுங்கள். பிறகு படம் அமரும் பரப்பான கேன்வாஸை மட்டும் 256க்கு 256 ஆக்கி, படத்தை நடுவில் வையுங்கள். இருபுறமும் 32 பிக்சல் வெறுமையாக நிற்கும். பின்னணியை ஒளிபுகும்படி விட்டால் அந்த வெறுமை திரையில் தெரியவும் தெரியாது. ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள் இலவசம். அதிலேயே இதைச் செய்து ஐகான் கோப்பாகவும் சேமிக்கலாம். இணையதளம் எதுவும் வேண்டாம். ஜேபெக் (.jpg) படக் கோப்பின் பெயரில் வாலை மட்டும் .ico என்று மாற்றி வைத்தால் ஐகான் ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜேபெக்கில் ஒளிபுகும் பின்னணிக்கும் வழியில்லை.

இன்னொன்று. ஐகான் கோப்பு ஒரே படம் அல்ல. அதற்குள் 16, 32, 48, 256 என்று பல அளவில் படங்கள் அடுக்கியிருக்கும். 16 பிக்சலில் பத்துமலையின் 272 படிகளும் அவற்றின் வண்ணமும் ஓர் அழுக்குக் கோடாகத்தான் தெரியும். அந்தச் சின்ன அளவுக்கு முருகன் கையிலிருக்கும் வேல் ஒன்றை மட்டும் தனியாக வரைந்து வையுங்கள். 1984இல் வந்த ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினிக்கு ஐகான் வரைந்த சூசன் கேர், 32க்கு 32 கட்டத்தில் கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் வைத்துக்கொண்டு அத்தனையும் சொன்னவர்.

ஏன் சதுரம்? இருக்கிறது, அவ்வளவுதான். இட்லித் தட்டில் குழி ஏன் வட்டம் என்று கேட்பீர்களா?

உண்மையில் இதற்கு நான் பதில் எழுதுவது ஐகானுக்காக அல்ல. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் செந்தூலில்தான் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் அகலத் தொலைக்காட்சி, அதில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். நாலுக்கு மூன்று என்று எடுத்த படத்தைப் பதினாறுக்கு ஒன்பது திரை முழுக்க இழுத்து ஒட்டியிருந்தார்கள். எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலம். கதாநாயகியின் இடுப்பை விடுங்கள். காதலர்கள் அண்ணாந்து பார்த்துப் பாடிய நிலா முட்டையாக இருந்தது. காரின் சக்கரங்கள் முட்டை. அந்தக் கார் எப்படித்தான் ஓடியதோ! ரிமோட்டை வாங்கி விகிதத்தைச் சரிசெய்தேன். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தது. உடனே கடைக்காரர், “அண்ணே, படம் சின்னதாகிவிட்டதே, காசு கொடுத்து வாங்கிய டிவி வீணாகிறதே” என்று பழையபடி இழுத்துவிட்டார். மூன்று மேசைக்காரர்கள் அவருக்குத் தலையாட்டினார்கள். ஓரத்தில் கொஞ்சம் காலியிடம் கிடந்தால் நமக்குப் பொறுக்காது. சட்டி பெரிதாக இருக்கிறது என்று சோற்றை இழுத்துப் பரப்புகிறோமா?

என் அப்பாயிக்கு, அப்பாவின் அம்மாவுக்கு, இருந்தது ஒரே ஒரு புகைப்படம். சிவப்பு அடையாளக் கார்டுக்காக எடுத்ததில் மீந்த ஒரு பிரதி, கட்டைவிரல் அளவு. ஒல்லியான நீள முகம், கன்னம் ஒட்டியிருக்கும், தோடு காதைக் கீழே இழுக்கும். 1999இல் அவர் இறந்தபோது, பதினாறாம் நாளுக்குள் படம் பெரிதாக்க வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். பெரியப்பா சட்டத்தையும் கையில் கொடுத்திருந்தார். முன்பு லட்சுமி படம் இருந்த நல்ல தேக்குச் சட்டம், கிட்டத்தட்டச் சதுரம். கடையிலிருந்த பையன் படத்தைக் கணினியில் ஏற்றி, ஓரத்தைப் பிடித்து இழுத்தான். அப்பாயியின் கன்னம் என் கண் முன்னால் உப்பியது. “கொஞ்சம் அகலமாக இருக்கிறதே” என்றேன். “சட்டத்துக்குச் சரியாக வந்துவிட்டது அண்ணே” என்றான். எனக்கு அப்போதே கணினி தெரியும், த. கு. அந்தப் பையனைவிட நன்றாகவே தெரியும். வெளியே மழை, வீட்டில் ஆட்கள் காத்திருந்தார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அப்பாயி என்றால் குண்டு அப்பாயிதான். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய உடம்பு அது என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

போன வருடம் அந்தச் சின்னப் படத்தைத் தேடி எடுத்து, நானே ஸ்கேன் செய்து, இருபுறமும் சாம்பல் நிறத்தில் இடம்விட்டு, சட்டத்தின் அளவுக்கே அச்சடித்து அத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “இருபத்தைந்து வருடமாக இந்த முகத்துக்குத்தான் பூ வைக்கிறேன். நீ கொண்டுவந்திருக்கிறவள் யார் என்று எனக்குத் தெரியவில்லையப்பா.”

அவர் அந்த அம்மாவின் சொந்த மகள். படம் இப்போது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

ஆகவே உங்கள் ஐகானை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். நாள்தோறும் பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும். மகள் இன்னும் சிரிக்கிறாள் அல்லவா, அது நல்லது. மாற்றியதை முதலில் அவளிடம் காட்டிவிட்டு எனக்கு அனுப்புங்கள்.