தாலி கட்டும் நேரத்தில் பச்சைத் திரை

கணினி கேள்வி-பதில்

ஐயா, தம்பியின் திருமணம் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் நடந்தது. வீடியோக்காரர் எடுத்ததையும் உறவினர்கள் கைத்தொலைபேசியில் பிடித்ததையும் சேர்த்து, டாவின்ச்சி ரிசால்வ் மென்பொருளில் நானே எடிட் செய்கிறேன். மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. போன புதன்கிழமை காலையிலிருந்து, தாலி கட்டும் காட்சி வந்தாலே திரை பச்சையாகிவிடுகிறது. சில சமயம் மென்பொருளே மூடிக்கொள்கிறது. நான் எதையும் தொடவில்லை. கடையில் காட்டினால், கிராஃபிக்ஸ் சிப் போய்விட்டது, மதர்போர்டையே மாற்ற வேண்டும், 650 வெள்ளி ஆகும் என்கிறார்கள். மடிக்கணினியில் உள்ளது என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050, 4 ஜிபி.
- வாசகி, ஈசூன்

650 வெள்ளி கைப்பையிலேயே இருக்கட்டும், அம்மா. நீங்கள் எதையும் தொடவில்லை என்பதை அப்படியே நம்புகிறேன். தொட்டது விண்டோஸாக இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி ஆகும்போது புதுப்பிப்புகளை வெளியிடுகிறது. நமக்கு அப்போது புதன் பின்னிரவு ஒரு மணி அல்லது இரண்டு மணி. அந்தக் கூட்டத்தோடு சேர்ந்தோ, வேறொரு நாள் தனியாகவோ, கிராஃபிக்ஸ் டிரைவரும் (விண்டோஸுக்கும் கிராஃபிக்ஸ் சிப்புக்கும் இடையே நின்று பேசும் மென்பொருள்) சத்தமில்லாமல் மாறிவிடுவதுண்டு. ஊகிக்கத் தேவையில்லை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அப்டேட் ஹிஸ்டரி, அங்கே டிரைவர் அப்டேட்ஸ் என்ற பட்டியல். என்விடியா என்ற பெயருக்குப் பக்கத்தில் புதன்கிழமைத் தேதி இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

சிப் உண்மையிலேயே போய்விட்டதா என்று ஓரளவு பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கணினியைப் போட்டதும், விண்டோஸ் வருவதற்கு முன், தயாரித்த நிறுவனத்தின் சின்னம் தோன்றும். விண்டோஸ் டிரைவர் அந்த நேரத்தில் இன்னும் எழுந்தே வந்திருக்காது. அப்போதே கோடுகளும் கட்டங்களும் தெரிந்தால் கடைக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கலாம். சின்னம் பளிச்சென்று இருந்து, ரிசால்வில் மட்டும் பச்சை பூத்தால் முதலில் டிரைவரைச் சந்தேகியுங்கள்.

தாலி கட்டும்போது மட்டும் ஏன்? மண்டபமே கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்த நேரம் அல்லவா! அந்த ஒரு நிமிடத்துக்கு நான்கைந்து பேருடைய 4கே காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பீர்கள். கிராஃபிக்ஸ் சிப்புக்கு மூச்சு முட்டும் இடம் அதுதான். டிரைவரில் கோளாறு இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

இனி வைத்தியம். முதலில் புராஜெக்டை ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பை ஒரு யுஎஸ்பியில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், என்விடியா, பிராப்பர்ட்டீஸ், டிரைவர் என்று போனால் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தான் இருக்கும். பழைய டிரைவர் திரும்பிவிடும். பலருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடுகிறது. பொத்தான் மங்கலாக இருந்தால் பழையது கைவசம் இல்லை என்று பொருள். அப்போது என்விடியா இணையத்தளத்தில் 'ஸ்டுடியோ டிரைவர்' என்பதை இறக்குங்கள். 'கேம் ரெடி' வேண்டாம். அது புது விளையாட்டு வெளியாகும் நாளைக் குறிவைத்து ஓடுவது. ஸ்டுடியோ என்பது எடிட்டிங் மென்பொருள்களில் சோதித்து, நிதானமாக வருவது. நிறுவும்போது 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்து, 'கிளீன் இன்ஸ்டலேஷன்' கட்டத்தில் மறக்காமல் டிக் போடுங்கள். முடிந்ததும் ரிசால்வின் பிரிஃபரன்ஸஸில் மெமரி அண்ட் ஜிபியு பக்கத்துக்குப் போய், 'கூடா' (என்விடியா சிப்பை வேலை வாங்கும் முறை) தேர்வாகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

அப்படியும் மசியவில்லையென்றால் டிடியு (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) என்ற இலவசக் கருவி இருக்கிறது. பழைய டிரைவரை வேரோடு பிடுங்கிவிடும். அதை சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் விண்டோஸ் நிலை) ஓட்டுவதே முறை. இணையத்தைத் துண்டித்துவிட்டு ஓட்டுங்கள். இல்லையேல் நீங்கள் ஒருபுறம் பிடுங்க, விண்டோஸ் மறுபுறம் தனக்குப் பிடித்த டிரைவரை நட்டுவிடும்.

இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். ஒரு வளைகாப்பு வீடியோவை மறுநாள் காலை கொடுக்க வேண்டிய இரவில், இதே சேஃப் மோடுக்குப் போனேன். நீலத் திரை ஒன்று வந்து நின்று, பிட்லாக்கரின் (வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. அப்படி ஓர் எண் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அது மகனின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது. மகனோ தேசிய சேவையில், முகாமில். கடவுச்சொல் அவன் மனத்தில். சனிக்கிழமை அவன் வீட்டுக்கு வந்து, சோறுகூடச் சாப்பிடாமல் அந்த எண்ணை வாசிக்க, நான் ஒவ்வொன்றாகத் தட்டினேன். வளைகாப்புக்காரரிடம் என்ன சொன்னேன் என்பது இங்கே வேண்டாம். சேஃப் மோடைத் தொடும் முன் உங்கள் கணினியின் 48 இலக்கங்களையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

'ஜிபியு மெமரி இஸ் ஃபுல்' என்று செய்தி வந்தால் மட்டும் டிரைவரைத் திட்டாதீர்கள். 4 ஜிபிக்கு மேல் சுமை ஏற்றியிருக்கிறீர்கள். டைம்லைனை 1080பி ஆக்குங்கள், பிராக்ஸி (காட்சிகளின் சிறிய நகல்) தயாரித்து எடிட் செய்யுங்கள். எடிட் முடிந்து, வீடியோ எல்லார் கைக்கும் போய்ச் சேரும்வரை விண்டோஸ் அப்டேட்டை 'பாஸ்' செய்து (தற்காலிகமாக நிறுத்தி) வையுங்கள்.

ஐயா, என் கணினியில் இன்டெல், என்விடியா கிராஃபிக்ஸ் இரண்டும் இருக்கின்றன. குழப்பம் வேண்டாம் என்று இன்டெல்லை டிவைஸ் மேனேஜரில் முடக்கிவிட்டேன். அதன் பிறகு பிரீமியர் புரோ எடிட்டிங் மென்பொருளில் கேமரா காட்சிகள் இன்னும் அதிகமாகத் திக்குகின்றன. கேமரா 4:2:2, 10 பிட், எச்265 வகையில் பதிவு செய்கிறது.
- வாசகர், தோ பாயோ

உதவிக்கு வந்த ஆளை வாசலில் நிறுத்திவிட்டீர்கள். நீங்கள் சொல்லும் வகைக் காட்சியை (நிறத் தகவல் அதிகம் உள்ள, இறுக்கிச் சுருக்கிய பதிவு) என்விடியா 50 வரிசைக்கு முந்தைய கார்டுகளின் வன்பொருள் விரிக்காது. இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதல் வந்த சிப்புகளின் உள்ளடங்கிய கிராஃபிக்ஸ் விரிக்கும். இன்டெல்லை மீண்டும் இயக்குங்கள். பிரீமியரின் மீடியா பிரிஃபரன்ஸஸில் வன்பொருள் டிகோடிங்கை இன்டெல்லுக்கும் திறந்துவிடுங்கள். விண்டோஸின் கிராஃபிக்ஸ் அமைப்பில் பிரீமியருக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' கொடுத்தால் மற்ற வேலையை என்விடியா பார்த்துக்கொள்ளும்.

என்னிடம் ஜிடிஎக்ஸ் 1060 உள்ளது. புதிய டிரைவரே வருவதில்லையே?
- வாசகர், பொங்கோல்

வராது. உங்கள் 1060 சேர்ந்த, 2016இல் வந்த பாஸ்கல் வரிசைக்கு 580ஆம் வரிசை டிரைவரே கடைசி. இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுந்தான். இப்போதுள்ள எடிட்டிங் பதிப்பு ஓடுகிறதென்றால் அதை மேம்படுத்தாமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். புது கார்டுதான் என்று முடிவானால், கிளம்பும் முன் பெட்டியைத் திறந்து இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பவர் சப்ளை எத்தனை வாட், உள்ளே எத்தனை சென்டிமீட்டர் இடம். நான் வாட்டை மட்டும் குறித்துக்கொண்டு, கணினிக் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேர் போனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கார்டு இரண்டு விரற்கடை கூடுதல் நீளம். மாற்றுவதற்காக மறுநாளும் அதே ரோச்சோர் நிலையத்தில் போய் இறங்கினேன்.