வினாகிரி வாசம் அடிக்கும் சிலிக்கோன் சர்க்கிட் போர்டுக்கு ஆகாது

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். ட்ரையரின் வெப்பக் கட்டுப்பாட்டு போர்டில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. குளியலறைக்குப் பூசும் சிலிக்கோனைப் பூசினேன், களிம்பு கூடிவிட்டது. பக்கத்து வயரில் சுற்றிய கறுப்பு டேப்பும் பசை இளகிக் கழன்று விடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தச் சிலிக்கோனை உரித்து எடுங்கள். பூசும்போது வினாகிரி வாசம் அடித்திருக்குமே? அந்த வகை, காற்றின் ஈரத்தை வாங்கி இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். கண்ணாடிக்கும் டைலுக்கும் கேடில்லை, செம்பை அரித்துவிடும். களிம்பு கூடியதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

டியூபில் 'நியூட்ரல் கியூர்' (இறுகும்போது அசிட்டிக் அமிலம் விடாத வகை) என்று போட்டிருப்பதை வாங்குங்கள். அதுவும் வயர் நுழையும் துளையை அடைக்கவும் பெரிய பாகங்களை ஆடாமல் பிடிக்கவும் மட்டும். போர்டு முழுக்க அடிக்க 'கன்ஃபார்மல் கோட்டிங்' என்ற மெல்லிய சிலிக்கோன் பூச்சு இருக்கிறது, ஸ்ப்ரேயாகவும் வரும். 0.1 மில்லிமீட்டர் கனம் போதும்.

ஆனால் பூச்சைவிட, பூசுவதற்கு முந்திய வேலைதான் பெரிது. கரண்டை நிறுத்தி, கப்பாசிட்டரில் மின்னழுத்தம் மிச்சமில்லை என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். அப்புறம் ஐசோபுரொப்பைல் அல்கஹோலும் மெல்லிய பிரஷும் கொண்டு களிம்பு, தேயிலைத் தூசு எல்லாவற்றையும் கழுவுங்கள். தேயிலைத் தூசு தானே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அது பூச்சுக்கு அடியில் தங்கினால் அரிப்பு உள்ளேயே தொடரும். மே முதல் செப்டம்பர் வரை உங்கள் பக்கத்து மழையிலும் மூடுபனியிலும் போர்டு தானாகக் காயும் என்று நம்பவே வேண்டாம். அல்கஹோல் முழுதாக ஆவியான பிறகு, 50 முதல் 60 பாகை செல்சியஸில் சில மணி நேரம் வைத்து, இளஞ்சூடு இருக்கும்போதே பூசுங்கள். போர்டில் அரிபட்டு அறுந்த செம்புத் தடம் இருந்தால், பூசுவதற்கு முன்பே வயர் வைத்துச் சோல்டர் பண்ண வேண்டும்.

ரிலே, கனெக்டர், திருகிச் சரிசெய்யும் பாகங்கள் இவற்றில் பூச்சு படவே கூடாது. சிலிக்கோன் மின்சாரத்தைக் கடத்தாது, தொடுமுனையில் படிந்தால் இணைப்பே போய்விடும். பூசும்போது அவற்றைப் பாலிமைட் டேப்பால் (சூடு தாங்கும் பொன்னிற பிளாஸ்டிக் டேப்) மூடுங்கள்.

சரி, வயருக்கு வருவோம். சாதாரண கறுப்பு பிவிசி டேப் சுமார் 80 பாகை வரைதான் தாங்கும். ட்ரையர் காற்றின் சூடு அதைத் தாண்டும். சிலிக்கோன் பசை உள்ள அந்தப் பொன்னிறப் பாலிமைட் டேப் கொஞ்ச நேரத்துக்கு 260 பாகையையும் தாங்கும். ஆனால் கூரான விளிம்பில் உரசினால் கிழிந்துவிடும்; அங்கே சிலிக்கோன் பசையுள்ள கண்ணாடி இழை டேப்பைச் சுற்றுங்கள். எந்த டேப்பானாலும் வயரை முதலில் அல்கஹோலால் துடையுங்கள், எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பசை பிடிக்காது.