கறை எதுவென்று தெரிந்த பிறகு கை வையுங்கள்: பழைய காடி (கார்) கேள்வி பதில்

சுங்கை சிப்புட்டில் 22 வருடமாகப் பழைய கார்களைக் கழுவி, சீட் பிரித்து, பாலீஷ் போட்டுக் கொடுக்கிறேன். தீபாவளி நெருங்கினால் தோட்டத்திலிருந்தும் டவுனிலிருந்தும் கேள்வி மேல் கேள்வி வரும். இந்த வருடம் கேட்டவர்களுக்கு எழுதியே பதில் தருகிறேன். அவசரப்பட்டு எதையோ ஊற்றிக் கெடுத்த கார்ப்பெட்டுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதனால் பாட்டிலைத் திறப்பதற்கு முன் கறை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

அண்ணே, செகண்ட் ஹேண்ட் மைவி கார் வாங்கினேன். இடது பக்க முன் சீட்டுக் காலடியில் எப்போதும் ஈரம், ஒரே நாற்றம். மூன்று தடவை ஷாம்பு போட்டுக் காயவைத்தேன். ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடுகிறது.

தம்பி, ஷாம்புவை எடுத்து வையுங்கள். தண்ணீர் உள்ளே வருவதை நிறுத்தாமல் முப்பது தடவை கழுவினாலும் இதே கதைதான். ஏர்கோன் போட்டுக் காரை கால் மணி நேரம் நிறுத்தி வைத்து, அடியில் குனிந்து பாருங்கள். தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் ஏர்கோன் தண்ணீர் வெளியேறும் குழாய் தூசியால் அடைத்துக்கொண்டு, தண்ணீர் உள்ளே இறங்குகிறது. பட்டறையில் அதைச் சுத்தம் செய்வது சின்ன வேலைதான்.

மழை பெய்த மறுநாள் மட்டும் ஈரம் என்றால் வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தைப் பாருங்கள். மரத்தடியில் நிற்கும் கார்களில் அந்த இடம் முழுக்க மக்கிய இலை இருக்கும். கைப்பிடி கைப்பிடியாக அள்ளியிருக்கிறேன்.

தண்ணீர் உள்ளே வருவதை நிறுத்திய பிறகு கார்ப்பெட்டைத் தூக்குங்கள். அதன் அடியில் பஞ்சு மெத்தை மாதிரி ஒன்று இருக்கும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் வரும். நாற்றம் அங்கேதான் இருக்கிறது. அதை வெளியே எடுத்து இரண்டு நாள் நல்ல வெயிலில் போடுங்கள்.

இன்னொன்று, சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். கடைசிப் பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால், சீட்டுத் தண்டவாளத்தில் புதுத் துரு இருந்தால், அந்தக் கார் வெள்ளத்தில் நின்றதாக இருக்கலாம். அப்போது சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டு, முதலில் வயரிங் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அப்பா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுகிறார். நேற்று கார் பூட்டில் (பின்பக்கச் சாமான் அறையில்) ரப்பர் பால் வாளி சாய்ந்துவிட்டது. வினிகர் ஊற்றித் தேய்க்கச் சொல்கிறார்கள். செய்யலாமா அண்ணே?

வேண்டவே வேண்டாம். பால் உறைவதற்கு ஆசிட் ஊற்றுவதை அப்பா எத்தனை முறை பார்த்திருப்பார், கேளுங்கள். வினிகரும் ஆசிட்தான். ஊற்றிய உடனே பால் கார்ப்பெட் நூலுக்குள்ளேயே உறைந்து ரப்பராகிவிடும். பால் ஈரமாக இருக்கும்போது வெறும் தண்ணீரை நிறைய விட்டு, பழைய துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்தாலே பெரும்பகுதி போய்விடும்.

நேற்று சாய்ந்தது என்றால் இந்நேரம் இறுகியிருக்கும். பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டி போட்டு அதன் மேல் பத்து நிமிடம் வையுங்கள். விறைத்ததும் ஓரத்திலிருந்து நகத்தால் கிளப்புங்கள், தோல் மாதிரி வரும். நூலில் சுற்றிக்கொண்டதைக் கத்தரித்துவிடலாம். பெட்ரோல் ஊற்றினால் இளகும் என்பது உண்மைதான், ஆனால் மூடிய காருக்குள் பெட்ரோல் ஆவி நிற்பது உயிருக்கு ஆபத்து. கார்ப்பெட்டுக்காக அதைச் செய்யாதீர்கள். வெளிப் பெயிண்டில் பட்ட பால் சுலபம். காயவிட்டுக் கட்டைவிரலால் உருட்டினால் சுருண்டு வந்துவிடும்.

செம்பனை உதிரிப் பழம் ஏற்றியதில் பின் சீட்டு முழுக்க ஆரஞ்சுக் கறை. சோப்பு போட்டும் போகவில்லை.

குளிர்ந்த தண்ணீரில் கழுவியிருப்பீர்கள் ஐயா. செம்பனை எண்ணெய் நம் ஊர் வெப்பத்திலேயே பாதி கட்டியாகத்தான் நிற்கும். முதலில் மைதா மாவைத் தூவி ஒரு மணி நேரம் விட்டு உறிஞ்சவிடுங்கள். மாவை உதறிவிட்டு, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் தட்டுக் கழுவும் சோப்பைக் கரைத்துத் தேய்த்து ஒற்றுங்கள். எண்ணெய் போனாலும் நிறம் கொஞ்சம் மிஞ்சும். பயப்பட வேண்டாம், கேரட்டில் இருக்கும் அதே சாயம்தான் அது. வெயிலில் நிறுத்தினால் நாளடைவில் வெளுத்துவிடும்.

கோயில் பூசைக்குப் பிறகு போனட்டில் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்துவிட்டன. சுரண்டலாமா தம்பி?

சுரண்டாதீர்கள் அக்கா. காய்ந்த பொடி பெயிண்டைக் கீறிவிடும். ஈரத் துணியை அதன் மேல் கால் மணி நேரம் போட்டு வைத்து, ஊறியதும் தண்ணீர் விட்டு வழித்து விடுங்கள். பறவை எச்சத்துக்கும் இதே முறைதான். ஆனால் எச்சத்தை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும், வெயிலில் விட்டால் பெயிண்டில் தடம் விழும்.

ஹெட்லைட் மஞ்சளாகிவிட்டது. பற்பசை போதுமா?

சில வாரத்துக்குப் பளிச்சென்று இருக்கும், அவ்வளவுதான். விளக்கு மூடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேல் வெயிலைத் தடுக்கும் மெல்லிய பூச்சு உண்டு, அது தேய்ந்ததால்தான் மஞ்சள். சுற்றியுள்ள பெயிண்டில் டேப் ஒட்டிவிட்டு, 1000 எண் சாண்ட் பேப்பரைத் தண்ணீரோடு தேயுங்கள். முதலில் வடிவது டீத் தண்ணீர் மாதிரி மஞ்சளாக இருக்கும். அது பால் வெள்ளையாக மாறும்வரை 1000-ஐ விடாதீர்கள். அப்புறம் 2000, 3000, கடைசியில் காம்பவுண்ட் (தேய்த்துப் பாலீஷ் போடும் பசை). முடித்ததும் புற ஊதா ஒளியைத் தடுக்கும் கிளியர் ஸ்ப்ரே (நிறமில்லாத பூச்சு) கட்டாயம் அடியுங்கள். அதை விட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

அப்பாவின் பழைய சிவப்புச் சாகா கார் மங்கிப்போய்விட்டது. பாலீஷில் திரும்புமா அண்ணே?

வெள்ளைத் துணியில் கொஞ்சம் காம்பவுண்ட் எடுத்து மூலையில் தேய்த்துப் பாருங்கள். துணியில் சிவப்பு வந்தால் மேலே கிளியர் பூச்சு இல்லாத பெயிண்ட். அது அருமையாகத் திரும்பும், நானே பல கார்களில் பார்த்த சந்தோஷம் அது. துணியில் சிவப்பு வராமல், கூரையில் தோல் உரிந்த மாதிரி வெள்ளைத் திட்டுகள் இருந்தால் கிளியர் போய்விட்டது. அதை எந்தப் பாலீஷும் மீட்காது, பெயிண்ட்தான் அடிக்க வேண்டும். பாலீஷ் போடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

டேஷ்போர்டு பளபளக்க எது நல்லது?

பளபளப்பே வேண்டாம். எண்ணெய்ப் பூச்சு தூசியைப் பிடிக்கும், முன் கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசவைக்கும். ஈர மைக்ரோஃபைபர் துணி போதும்.

சிகரெட் நாற்றம் உள்ள கஞ்சில் கார் ஒன்றை வாங்கிவிட்டேன் அண்ணே, வேலைக்குப் போக என் முதல் காடி.

நல்லபடியாக ஓட்டுங்கள் தங்கச்சி. புகை கூரைத் துணியில்தான் தங்கும். ஆனால் அங்கே ஷாம்பு ஊற்றினால் பசை விட்டுத் துணி தொங்கிவிடும். பிழிந்த துணியால் ஒரே திசையில் மெதுவாகத் துடையுங்கள், மூன்று நான்கு நாள் தொடர்ந்து. கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடைத்துப் பாருங்கள், துணி பழுப்பாகும். சீட்டில் ஆப்ப சோடாவைத் தூவி இரவு விட்டு, காலையில் வெக்யூம் செய்யுங்கள். வீடு சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏர்கோனை அணைத்துக் காற்றை மட்டும் ஓடவிடுங்கள். உள்ளே ஈரம் காய்ந்தால் பூஞ்சை நாற்றம் சேராது.