தினமும் 140 கிலோமீட்டர் ஓட்டம், ஏழு வருஷ கார் லோன் சரியா வருமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், வீட்ல இருந்து வேலைக்குப் போற இடம் 70 கிலோமீட்டர், போக வர 140. பஸ், ரயில் எதுவும் என் ஷிப்ட் டைமுக்கு ஒத்து வரல, வீடு மாத்தவும் முடியாது, அம்மாவ பாத்துக்கணும். புது கார் எடுக்கலாம்னு இருக்கேன். அஞ்சு வருஷ லோன்னா இஎம்ஐ கொஞ்சம் இடிக்குது, ஏழு வருஷம்னா சுலபமா கட்டிடலாம்னு ஷோரூம்ல சொல்றாங்க. எடுக்கலாமா?

பதில்: ஏழு வருஷம் வேண்டாம். ஏன்னு விவரமா சொல்றேன், ஏன்னா உங்கள மாதிரி தூரமா போய் வர்றவங்களுக்கு ஷோரூம்ல யாரும் இந்தக் கணக்க போட்டுக் காட்டுறதே இல்ல.

வருஷத்துக்கு 250 நாள் வேலைன்னு வச்சா வேலைக்குப் போய் வர்றது மட்டுமே 35,000 கிலோமீட்டர், லீவு நாள் ஓட்டம் தனி. அப்போ மூணு வருஷத்துல ஒரு லட்சத்தி அஞ்சாயிரம், அஞ்சு வருஷத்துல ஒன்னேமுக்கால் லட்சம், ஏழு வருஷத்துல ரெண்டு லட்சத்தி நாப்பத்தஞ்சாயிரம். நல்லா பராமரிச்சா ஒரு கார் அவ்வளவு ஓடும், ஓடாதுன்னு நான் சொல்லல. ஆனா கடைசி ரெண்டு வருஷம் கிளட்ச், சஸ்பென்ஷன்னு பெரிய செலவு ஒவ்வொன்னா வர ஆரம்பிக்கிற நேரத்துல இஎம்ஐயும் சேந்து ஓடிட்டு இருக்கும் பாருங்க, அதுதான் என் பயம். வாரன்டிய எடுத்துக்கங்க, நிறைய கம்பெனி மூணு வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அதுன்னு குடுக்கிறாங்க, உங்களுக்கு கிலோமீட்டர்தான் முதல்ல வரும், மூணு வருஷம் முடியுறதுக்கு முன்னாடியே வாரன்டி காலி. அதுக்கப்புறம் நாலு வருஷத்துக்கு மேல வாரன்டி இல்லாத வண்டிக்கு கடன் கட்டணும்.

இப்போ வட்டிக்கு வருவோம். ஒரு லட்சம் கடன், 10 சதவீதம் வட்டி, பாக்கி குறையக் குறைய வட்டியும் குறையுற முறைன்னு வச்சுக்கங்க. நாலு வருஷம்னா மாசம் 2,536, மொத்த வட்டி சுமார் 21,700. அஞ்சு வருஷம்னா மாசம் 2,125, வட்டி 27,500. ஏழு வருஷம்னா மாசம் 1,660, வட்டி 39,450. இஎம்ஐ குறையுது, அது உண்மைதான், ஆனா இத விட முக்கியமான நம்பர் ஒன்னு இருக்கு, மூணு வருஷம் முடிஞ்சப்போ எவ்வளவு பாக்கி நிக்குதுங்கிறது. ஏழு வருஷ லோன்ல மூணு வருஷம் ஒழுங்கா கட்டுன பிறகும் ஒரு லட்சத்துக்கு 65,000க்கு மேல பாக்கி இருக்கும். நாலு வருஷ லோன்னா அதே நேரத்துல 29,000தான். உங்க வண்டி அப்போ ஒரு லட்சம் கிலோமீட்டர தாண்டியிருக்கும், பழைய வண்டி வாங்க வர்றவங்க மாடல் வருஷத்தோட ஓடோமீட்டரையும் பாத்துதான் விலை பேசுவாங்க. திடீர்னு வேலை மாறி, வண்டிய வித்துடலாம்னு நினைச்சா, வித்த காசு கடன அடைக்கப் பத்தாம கையில இருந்து போட வேண்டி வரும். ஆக்சிடென்ட்ல வண்டி மொத்தமா போனாலும் இதே நிலைமைதான், இன்சூரன்ஸ்காரங்க வண்டியோட தேய்மானம் கழிச்ச மதிப்ப வச்சுதான் குடுப்பாங்க, உங்க பேங்க் பாக்கி எவ்வளவுன்னு அவங்க கணக்குல எடுத்துக்க மாட்டாங்க. அந்த வித்தியாசத்தக் குடுக்கிற தனி கவர் சில இடத்துல கிடைக்குது, பாலிசி எடுக்கும்போதே கேளுங்க.

அதனால என் யோசனை, ஒன்னரை லட்சம் கிலோமீட்டர் ஓடுறதுக்குள்ள கடன் முடியணும். உங்க ஓட்டத்துக்கு அது நாலு வருஷம். நாலு வருஷ இஎம்ஐ கட்ட முடியலன்னா லோன நீட்டாதீங்க, வண்டி விலையக் குறைங்க, இல்லன்னா டவுன் பேமென்ட்ட ஏத்துங்க, கால்வாசியாவது கையில இருந்து போட்டா நல்லது. சன்ரூஃப், பெரிய டச் ஸ்க்ரீன் இருக்கிற டாப் வேரியன்ட் இல்லாம அதுக்குக் கீழ இருக்கிற வேரியன்ட் எடுத்தாலே பல பேருக்கு இந்தக் கணக்கு சரியாயிடும். ஆனா தினமும் மூணு மணி நேரம் உக்காரப் போற சீட்டு, ஏர்பேக், நல்ல பிரேக், இதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க.

இன்னொன்னு. எல்லாரும் வட்டி ஒரு சதவீதம் குறையுமான்னு பத்து பேங்க் ஏறி இறங்குறாங்க, குறைஞ்சா சந்தோஷம்தான், ஆனா நாலு வருஷ லோன்ல 10க்கு பதிலா 9 சதவீதம்னா ஒரு லட்சத்துக்கு மாசம் 48 மிச்சம், அவ்வளவுதான். அதே சமயம் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் குடுக்கிற வண்டிக்கும் 20 குடுக்கிற வண்டிக்கும் உங்க ஓட்டத்துல வருஷத்துக்கு 580 லிட்டர் வித்தியாசம் வருது, நாலு வருஷம் சேத்தா அந்த 15 கிலோமீட்டர் குடுக்கிற வண்டி ஒரு வருஷம் முழுக்க குடிக்கிற எரிபொருள் அப்படியே மிச்சம். உங்க ஊர் விலைய வச்சு பெருக்கிப் பாருங்க. தூரமா போறவங்க மொதல்ல மைலேஜ் பாக்கணும், அப்புறம்தான் வட்டி.

இஎம்ஐ மட்டுமே மாசச் செலவுன்னு நினைக்காதீங்க. 10,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ்னா உங்களுக்கு மூன்றரை மாசத்துக்கு ஒரு தடவ வரும், டயர் 40,000ல இருந்து 50,000 வரைக்கும் ஓடும்னா ஒன்னே கால் வருஷத்துக்கு ஒரு செட். லோன் ஆரம்பிக்கிற மாசத்துல இருந்தே இதுக்குன்னு தனி அக்கவுண்ட்ல கொஞ்சம் போட்டுட்டு வாங்க. எரிபொருள், இஎம்ஐ, இன்சூரன்ஸ், இந்த டயர் சர்வீஸ் பணம் நாலையும் கூட்டி வர்ற தொகைதான் உங்களால கட்ட முடியுமான்னு பாக்க வேண்டிய தொகை. இத இப்பவே டெஸ்ட் பண்ணலாம், வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி மூணு மாசம் அந்தத் தொகைய சம்பளம் வந்த அன்னைக்கே எடுத்து ஒதுக்கி வச்சுப் பாருங்க, வீடு ஓடுச்சுன்னா தைரியமா எடுங்க, ஒதுக்குன பணம் டவுன் பேமென்ட்ல சேரும்.

கேள்வி: நானும் தூரமா போறவதான் சார். மூணு வருஷம் ஆன, 30,000 கிலோமீட்டர் ஓடுன செகண்ட் ஹேண்ட் கார் ஒன்னு வருது. பேங்க்ல பழைய வண்டிக்கு வட்டி ஜாஸ்தி, ஒரு தனியார் ஃபைனான்ஸ்ல 10 சதவீதம்தான்னு சொல்றாங்க. யார்கிட்ட வாங்கலாம்?

பதில்: வண்டி தேர்வு ரொம்ப நல்லது. புது கார் முதல் வருஷங்கள்லதான் மதிப்பு வேகமா இறங்கும், அந்த இறக்கத்த முதல் ஓனர் தாங்கிட்டாரு, நீங்க கிலோமீட்டர் போடப் போறது ஏற்கனவே விலை இறங்குன வண்டியில. சர்வீஸ் ரெக்கார்ட கேட்டு வாங்கி ஓடோமீட்டரோட ஒத்துப் பாருங்க, உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர கூட்டிட்டுப் போய் லிஃப்ட்ல தூக்கி அடியிலயும் பாக்கச் சொல்லுங்க.

ஆனா அந்த 10 சதவீதம் ஃப்ளாட் ரேட்டான்னு கேளுங்கம்மா, இத மட்டும் கேக்காம கையெழுத்து போடாதீங்க. ஃப்ளாட்னா நீங்க கட்டக் கட்ட பாக்கி குறைஞ்சாலும் முதல் நாள் வாங்குன முழுத் தொகைக்கும் கடைசி மாசம் வரைக்கும் வட்டி போடுவாங்க. ஒரு லட்சத்துக்கு அஞ்சு வருஷத்துல 50,000 வட்டி, மாசம் 2,500. பாக்கி குறையக் குறைய வட்டியும் குறையுற பேங்க் கணக்குப்படி பாத்தா அது 17 சதவீதத்துக்கும் மேல! பேங்க்ல 13, 14ன்னு சொன்னாலும் அதுதான் உங்களுக்கு குறைவு. ரெண்டு இடத்துலயும் ஒரே தொகை, ஒரே காலம் சொல்லி, மாசம் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு கட்டணும், ப்ராசஸிங் ஃபீஸ் என்ன, முன்னாடியே அடைச்சா அபராதம் உண்டான்னு எழுதி வாங்குங்க.

கேள்வி: கார சொந்தமா வாங்காம லீஸ்ல, அதாவது சில வருஷத்துக்கு மாச வாடகைக்கு எடுத்தா மாசத் தொகை கம்மியா வருதே?

பதில்: லீஸ்ல வருஷத்துக்கு இவ்வளவு கிலோமீட்டர்தான்னு வரம்பு இருக்கும், பொதுவா 15,000, 20,000 மாதிரி, தாண்டுனா ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனி சார்ஜ். 35,000 ஓட்டுறவங்க அந்த வரம்புல கையெழுத்து போட்டா திருப்பிக் குடுக்கிற அன்னைக்கு பெரிய பில் வரும். உங்க உண்மையான ஓட்டத்த சொல்லி அதுக்கு ரேட் கேளுங்க, அப்போ அந்த கம்மி பெரும்பாலும் இருக்காது. கம்பெனியே லீஸ் கட்டுதுன்னா அது வேற விஷயம்.

கேள்வி: எலெக்ட்ரிக் கார் லோன் எடுக்கலாமா? நானும் 140 கிலோமீட்டர்தான்.

பதில்: வீட்லயே ராத்திரி சார்ஜ் போட இடம் இருந்தா உங்களுக்கு ரொம்பப் பொருந்தும், ஓட்டம் கூடக் கூட எரிபொருள் மிச்சமும் கூடுது. தினமும் வெளிய சார்ஜர தேடணும்னா வேண்டாம். பேட்டரிய 80 சதவீதத்துக்கும் 20க்கும் நடுவுலயே வச்சு ஓட்டணும்னா 140 கிலோமீட்டருக்கு உண்மையான ரேஞ்ச், அதாவது முழு சார்ஜுல ஓடுற தூரம், 233 கிலோமீட்டர் வேணும், ஹைவே வேகம், ஏசி, குளிர், பேட்டரிக்கு வயசாகுறது எல்லாத்துக்கும் சேத்து 300 உண்மையிலயே குடுக்கிற வண்டியா பாருங்க, பிரோஷர்ல போட்டிருக்கிற நம்பர நம்பாதீங்க. பேட்டரி வாரன்டி பல கம்பெனில 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், உங்களுக்கு அது நாலரை வருஷத்துல முடிஞ்சிடும், லோன் அதுக்குள்ள முடியட்டும்.

கேள்வி: பழைய கார் லோன் இன்னும் பாக்கி இருக்கு, வண்டி அதிகமா ஓடிட்டதால எக்ஸ்சேஞ்ச்ல விலை கம்மியா கேக்குறாங்க. பத்தாத தொகைய புது லோன்லயே சேத்துக்கலாம்கிறாங்க. சேக்கலாமா?

பதில்: சேக்காதீங்க. வித்துட்டுப் போன வண்டிக்கும் சேத்து இன்னும் பல வருஷம் வட்டி கட்டுவீங்க, புது வண்டியும் அதே ரோட்டுல அதே கிலோமீட்டர்தான் ஓடப் போகுது, அடுத்த தடவ எக்ஸ்சேஞ்ச்ல பள்ளம் இன்னும் பெருசாத்தான் இருக்கும். வண்டி ஓடுற நிலைமையில இருக்குன்னா ரிப்பேர் பாத்து ஓட்டுங்க, கையில வர்ற போனஸ், மிச்சம் எல்லாத்தையும் அசல்ல பார்ட் பேமென்ட்டா கட்டுங்க, கட்டும்போது இஎம்ஐய குறைக்க வேண்டாம், காலத்தக் குறைங்கன்னு பேங்க்ல எழுதிக் குடுங்க. வண்டிய விக்கிற விலையும் கடன் பாக்கியும் எந்த மாசம் சமமாகுதுன்னு பாத்துட்டே இருங்க, அதுக்கப்புறம் ஷோரூம் பக்கம் போங்க.