கார் மோட்டார் எரிந்துபோகுமா? கடலூர், பாண்டி நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

திருப்பாதிரிப்புலியூரில் பதினெட்டு வருடம் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டினேன். கடந்த ஐந்து வருடமாக மின்சார கார், ஆட்டோ வேலைதான் அதிகம். சின்ன மின்சார கார் வாங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் பேட்டரியைப் பற்றியே கேட்கிறார்கள். இந்த முறை மோட்டாரைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி (பண்ருட்டி): அண்ணே, எங்க முந்திரித் தோப்பு போர் மோட்டார் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை எரியுது. கார் மோட்டாரும் அப்படித்தானே எரியும்?

பதில்: தம்பி, உங்கள் போர் மோட்டார் எதனால் எரிகிறது என்று முதலில் பாருங்கள். மூன்று ஃபேஸில் ஒன்று போய்விடும், மீதி இரண்டில் மோட்டார் முக்கி முனகிக்கொண்டு ஓடும். இல்லையென்றால் வோல்டேஜ் இறங்கி ஆம்பியர் ஏறும். அதுவும் இல்லையென்றால் தண்ணீர் மட்டம் கீழே போய் பம்ப் வெறுமனே சுற்றும். என்னிடம் கருகி வந்த மோட்டார்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றால் போனவைதான். மோட்டார் மேல் தப்பில்லை, அதைச் சுற்றி நடந்தது தப்பு.

காரில் கரண்ட் கம்பத்திலிருந்து வரவில்லை. பேட்டரியின் டி.சி.யை இன்வெர்ட்டர் வாங்கி, தானே மூன்று ஃபேஸாக்கி, எவ்வளவு ஆம்பியர் போகிறது என்று நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறது. ஒரு ஃபேஸ் விட்டுப்போனால் உடனே நிறுத்திவிடும். காயிலுக்குள்ளேயே சூட்டைப் பார்க்க ஒரு சென்சார் இருக்கும், சூடு ஏறினால் பவரைக் குறைத்துவிடும், அப்போது கார் மந்தமாகப் போவது உங்களுக்கே தெரியும். இதற்கு மேல் இன்னொன்றையும் பாருங்கள். டாடாவின் சின்ன மின்சார கார் டியாகோ ஈ.வி.யில் பெரிய பேட்டரி மாடலின் மோட்டார் 55 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 74 எச்.பி. மஞ்சக்குப்பத்தில் சமதளத்தில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போவதற்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். உங்கள் போர் மோட்டார் நாள் முழுக்க முழு பாரத்தில் உழைக்கிறது, கார் மோட்டார் நாளில் பெரும்பகுதி சோம்பலாகத்தான் இருக்கிறது. காயில் எரிந்து வந்த கார் மோட்டாரை இந்த ஐந்து வருடத்தில் ஒன்றே ஒன்றுதான் பார்த்தேன், அதிலும் தண்ணீர் இறங்கியிருந்தது.

கேள்வி (ரெயின்போ நகர், புதுச்சேரி): தண்ணீர் என்றதும் கேட்கிறேன் சார். ஃபெஞ்சல் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஐபி 67 என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, நம்பலாமா?

பதில்: அம்மா, அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொண்டால் எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். 6 என்றால் தூசி உள்ளே போகாது. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்துத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடுதல் வரும் அளவுக்குத் தண்ணீர் இறங்காது. இது புதுப் பொருளை நல்ல தண்ணீரில் வைத்துச் செய்கிற சோதனை. 2024 நவம்பர் 30 அன்று பாண்டி பக்கத்தில் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, சில தெருக்களில் தண்ணீர் வடியவே நாளானது. சாக்கடையும் சேறும் கலந்த தண்ணீரில் ராத்திரி முழுக்க நின்ற காருக்கு அந்த அரை மணி நேரக் கணக்கு பொருந்தாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஓடிச் சூடாக இருக்கிற மோட்டாரும் கியர் பெட்டியும் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும், அப்போது சீல் வழியாகவும் காற்றுத் துளை வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். அந்தப் புயலுக்கு ஒரு மாதம் கழித்து என்னிடம் வந்த ஒரு காரின் கியர் ஆயிலை இறக்கினேன், பால் கலந்த டீ நிறத்தில் வந்தது. அதுவரைக்கும் அந்தக் கார் ஒரு குறையும் சொல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அன்றே ஆயிலும் சீலும் மாற்றினோம், இன்றும் ஓடுகிறது. இன்னும் மூன்று மாதம் விட்டிருந்தால் பேரிங் போயிருக்கும்.

அதனால் தண்ணீரில் நின்ற காரை ஆன் செய்யாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, காந்தம் வைத்த மோட்டார், சக்கரம் சுற்றினாலே கரண்ட் உற்பத்தி செய்யும். நான்கு சக்கரமும் தரையில் படாமல் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கினால் போதாதா என்று கேட்பார்கள். டியாகோவுக்கு மோட்டார் முன்னால், எம்.ஜி. காமெட் காருக்குப் பின்னால், முன்பக்கத்தைத் தூக்கினால் காமெட்டில் மோட்டார் சுற்றிக்கொண்டே வரும். தூக்க வருகிற ஆளுக்கு எல்லா வண்டியும் ஒன்றுதான், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி (அரியாங்குப்பம்): தினமும் கடலூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மோட்டார் எத்தனை வருடம் வரும்?

பதில்: போக வர அறுபது கிலோமீட்டர் என்று வையுங்கள், வருடத்துக்கு முந்நூறு நாள், 18,000 கிலோமீட்டர். டியாகோ ஈ.வி.க்கு டாடா மோட்டாருக்கும் பேட்டரிக்கும் சேர்த்து 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் தருகிறது. உங்கள் கணக்கில் எட்டு வருடத்துக்கு 1,44,000. உத்தரவாதத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகும் நான் பயப்படுவது பேட்டரிக்குத்தான், மோட்டாருக்கு அல்ல.

கேள்வி (நெல்லித்தோப்பு): வண்டி 70,000 ஓடியிருக்கிறது. கொஞ்ச நாளாக 'ஙொய்' என்று ஒரு சத்தம். சர்வீஸில் "மோட்டாரையே மாற்றணும்" என்கிறார்கள்.

பதில்: மாற்றச் சம்மதிக்காதீர்கள், முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் நல்ல ரோட்டில் ஐம்பதில் போய், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். காலை வைக்கும்போது ஒரு மாதிரியும் எடுக்கும்போது வேறு மாதிரியும் சத்தம் மாறினால் அது கியர் பல்லின் சத்தம், ஓரளவு இருப்பது சகஜம். நியூட்ரலில் விட்டும் அதே சத்தம் அப்படியே தொடர்ந்தால் பேரிங் அல்லது டயர். வண்டியை லேசாக இடமும் வலமும் ஒடித்தால் கூடிக் குறைகிறதா, அப்படியானால் வீல் பேரிங், மோட்டாருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மோட்டார் பேரிங்தான் என்று வைத்துக்கொள்வோம். போன ஐப்பசியில் ஒரு மோட்டாரைப் பிரித்து பேரிங்கை எடுத்துத் துடைத்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். உள் வளையத்தில் பனையோலை விசிறியின் மடிப்பு மாதிரி வரிசையாகக் கோடுகள், ஒரே இடைவெளியில், விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படும். கிரீஸ் கறுத்துப்போயிருந்தது. இது தேய்மானம் இல்லை, மின்சாரம் செய்த வேலை. இன்வெர்ட்டர் வேகமாக ஆன் ஆஃப் செய்வதால் சுற்றுகிற தண்டான ஷாஃப்டில் ஒரு சின்ன வோல்டேஜ் ஏறும், அது பேரிங் குண்டு வழியாகப் பாடிக்கு இறங்கும்போது கண்ணுக்குத் தெரியாத பொறி அடித்து இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்கத்தான் சில மோட்டாரில் செராமிக் குண்டு வைத்த பேரிங் போடுகிறார்கள், சிலதில் ஷாஃப்டை எர்த் செய்யும் வளையம் வைக்கிறார்கள். அந்த மோட்டாரின் காயிலில் மின்கசிவு இருக்கிறதா என்று மெகர் மீட்டர் வைத்துப் பார்த்தேன், புதுசு மாதிரி இருந்தது. பேரிங் மட்டும் மாற்றினோம்.

இதில் எனக்குக் கோபமே உண்டு. பேரிங் போனதற்கு முழு மோட்டாரையும் தூக்கிப் போடச் சொல்வது வாடிக்கையாளரின் பணத்துக்கும் கேடு, நல்ல செம்புக்கும் காந்தத்துக்கும் கேடு. உத்தரவாதம் இருக்கிறவரை அவர்கள் மாற்றித் தரட்டும், வாங்கிக்கொள்ளுங்கள். அது முடிந்தபின் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (தேவனாம்பட்டினம்): வீடு சில்வர் பீச் பக்கம். உப்புக்காத்துல கிரில் கேட்டே நிக்க மாட்டேங்குது, மோட்டார் நிக்குமா?

பதில்: மோட்டார் மூடிய பெட்டி, அது நிற்கும். உப்பு பிடிப்பது வெளியே இருக்கிற எர்த் போல்ட்டிலும் கனெக்டர் பின்னிலும்தான், அங்கே பச்சை பூக்கும். வருடத்துக்கு ஒருமுறை மழைக்கு முன்னால் காட்டிவிடுங்கள். ஆரஞ்சு நிற வயர், அதாவது அதிக வோல்டேஜ் வயர், இருக்கிற பக்கம் நீங்கள் கை வைக்க வேண்டாம். வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் பைப்பைக் கனெக்டரை நோக்கி நேராகப் பிடிக்கவும் விடாதீர்கள். அப்புறம் பிரேக். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் அதிகம் வேலை செய்யாது, வேலை செய்யாத டிஸ்க் உப்புக்காற்றில் துரு ஏறும். தினமும் ஒன்றிரண்டு முறை நன்றாக அழுத்திப் பிடியுங்கள். சார்ஜ் போடுகிற பிளக்குக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கடற்கரை மண்ணில் ஜி.ஐ. பைப் சீக்கிரம் அரித்துவிடும்.

கேள்வி (லாஸ்பேட்டை): பதினைந்து நாள் ஊரில் இல்லை. வந்து பார்த்தால் வண்டி உயிரே இல்லை, கிளம்பும்போது பேட்டரி 80 சதவீதம் இருந்தது. மோட்டார் போச்சா?

பதில்: 12 வோல்ட் சின்ன பேட்டரி இறங்கியிருக்கும். பெரிய பேட்டரியை இணைக்கிற ரிலேயே அந்தச் சின்ன பேட்டரியில்தான் வேலை செய்கிறது. அதைச் சார்ஜ் செய்து பாருங்கள், வண்டி எழுந்துவிடும். "மோட்டார் போச்சு" என்று என்னிடம் வந்தவற்றில் பாதிக்கு மேல் இந்தக் கேஸ்தான்.

கேள்வி (வில்லியனூர்): பழைய ரேவா மின்சார கார் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: 2001-இல் பெங்களூரில் வந்த அந்தக் காரின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் முதலில் வந்தவற்றில் இருந்தது டி.சி. மோட்டார், கார்பன் பிரஷ் தேயும், தேய்ந்த தூள் உள்ளே படியும், பிரஷ் உரசுகிற செம்பு வளையமான கம்யூட்டேட்டரைக் கடைசல் பிடிக்க வேண்டும். பின்னால் வந்த ரேவா ஐ-யில் ஏ.சி. இண்டக்ஷன் மோட்டார், பிரஷ்ஷும் இல்லை, காந்தமும் இல்லை, அது கல் மாதிரி உழைக்கும். எந்த மாடல் என்று பார்த்துச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் போர்டுக்கு உதிரி கிடைக்குமா என்பதையும் விசாரியுங்கள், என்னைக் கேட்டால் அந்த ஒரு காரணத்துக்காகவே யோசிப்பேன்.

கேள்வி (முதலியார்பேட்டை): ஏற்காடு போனால் மோட்டார் தாங்குமா?

பதில்: தாராளமாகத் தாங்கும். இருபது கொண்டை ஊசி வளைவும் மெதுவாக ஏறுங்கள். மேலே நூறு சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதீர்கள். இறங்கும்போது மோட்டார் கரண்ட் உற்பத்தி செய்து திருப்பி அனுப்பும், நிரம்பிய பேட்டரி அதை வாங்காது, பிறகு பாரம் முழுக்க பிரேக்கில்தான்.

கேள்வி (கடலூர் முதுநகர்): அண்ணா, நான் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் படிக்கிறேன். கார் மோட்டாருக்குக் காயில் கட்டக் கத்துக்கலாமா?

பதில்: கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் காயிலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். சில மோட்டாரில் காயில் வட்டக் கம்பியே இல்லை, கொண்டை ஊசி மாதிரி வளைத்த தட்டைச் செம்பு, அதைக் கையால் கட்ட முடியாது. முதலில் பேரிங், சீல், கனெக்டர், சுற்றுகிற பாகமான ரோட்டார் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்கிற ரிசால்வர் சென்சார், இவற்றைப் பழகுங்கள். பம்ப்செட் ரோட்டாரை உருவுவது போல இதைக் கையால் உருவ நினைக்கவே கூடாது. உள்ளே இருக்கிற நியோடிமியம் காந்தம் விரலை ஸ்டேட்டரோடு, அதாவது சுற்றாத வெளிப்பாகத்தோடு, சேர்த்து நசுக்கிவிடும், அதற்கென்று பிடித்து இழுக்கும் ஜிக் இருக்கிறது. பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் இன்வெர்ட்டரின் கண்டென்சரில் கரண்ட் நிற்கும். அந்த வண்டிக்குச் சொல்லியிருக்கிற நேரம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்து, 1000 வோல்ட் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைக்கு வாருங்கள் தம்பி, ஒரு மோட்டார் பிரிக்க வைத்திருக்கிறேன். மோதிரம், வாட்ச், காப்பு எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.