வாசகர் கேள்வி: களியில் பைல் அடிக்கும்போது

கேள்வி: ஓடையோரக் களிமண்ணில் 250 மி.மீ. கொங்கிரீட் பைல் (மண்ணுக்குள் இறக்கும் அத்திவாரத் தூண்) அடிக்கிறோம். நேற்றுப் பின்னேரம் சம்மட்டியின் ஓர் அடிக்கு 20 மி.மீ. இறங்கிய பைல், இன்று காலை 5 மி.மீ. தான் இறங்கியது. பைல் தாங்கும் பாரத்தை எதை நம்பிக் கணக்குப் போடுவது?
- வாசகர், ஹட்டன்

பதில்: இரண்டையுமே அப்படியே நம்பாதீர்கள். அடி விழும் கணத்தில் களி காட்டும் எதிர்ப்பில் பாதி வரை வெறும் வேகத்தால் வந்ததாக இருக்கலாம். கட்டிடத்தின் பாரம் மெதுவாக ஏறும்போது அந்தப் பங்கு கிடைக்காது.

கணக்கைப் பாருங்கள். வேகம் பத்து மடங்கு கூடினால் களியின் வெட்டு வலிமை (வழுக்கிப் பிளவுபடாமல் எதிர்க்கும் திறன்) ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதம் கூடும். சோதனைப் பாரத்தில் பைல் நிமிடத்துக்கு 1 மி.மீ. இறங்குகிறது என்று வையுங்கள். சம்மட்டி அடியில் அதுவே விநாடிக்கு 1.7 மீட்டர், அதாவது ஒரு இலட்சம் மடங்கு. ஐந்து தடவை பத்து மடங்கு என்பதால் எதிர்ப்பு ஒன்றரை முதல் இரு மடங்காகத் தெரியும்.

சம்மட்டி அடி பைலில் அலையாக இறங்குவதைக் கணக்கிடும் அலைச்சமன்பாட்டு முறையைப் பொறியியலாளர் ஸ்மித் 1960இல் வெளியிட்டார். அதில் பைலின் பக்க உராய்வுக்கான தணிப்பு எண் (வேகத்தால் எதிர்ப்பு எவ்வளவு கூடும் என்று காட்டும் எண்), களிக்கு 0.65, மணலுக்கு 0.16 (மீட்டருக்கு விநாடி) என்று பொதுவாக எடுப்பார்கள். களியில் எதிர்ப்பு 1 + 0.65 × 1.7 = 2.1 மடங்கு. ஆனால் உண்மையில் எதிர்ப்பு வேகத்தோடு நேர்கோட்டில் ஏறாது. வேகம் கூடக்கூட ஏற்றம் மந்தமாகும்.

காலையில் இறுகியது வேறு விஷயம். அடிக்கும்போது களி குழம்பி, துளைநீர் அமுக்கம் (மண்துகள்களுக்கு இடையே உள்ள நீரின் அமுக்கம்) ஏறி, பைலின் பிடி தளர்கிறது. நிறுத்தினால் நீர் மெல்ல வடிந்து பிடி திரும்புகிறது. ஓரிரவில் அது முடியாது; ஒரு வாரமாவது விட்டு மறு அடி பாருங்கள். சம்மட்டியை வேறு பைலில் சூடாக்கிக்கொண்டு, இதன் முதல் ஐந்தாறு அடிகளையே குறியுங்கள். அதற்கு மேல் அடித்தால் களி மறுபடி குழம்பும். இறக்கம் அடிக்கு 2.5 மி.மீ.க்குக் குறைந்தால் முழு எதிர்ப்பும் வெளிவந்திராது, பெரிய சம்மட்டி வேண்டும்.

இறக்கத்தை வைத்துப் பைலின் வலிமையைக் கணிக்கும் பழைய அடிச் சூத்திரங்கள், வேகத்தால் கூடும் எதிர்ப்பையும் நேரத்தோடு திரும்பும் பிடியையும் பிரித்தறியாது. களிக்கு அவற்றை விட்டுவிடுங்கள். ஒரு பைலிலாவது நிலைப்பாரச் சோதனை (பாரத்தை மெதுவாக ஏற்றிப் பார்ப்பது) செய்து தணிப்பு எண்ணைத் திருத்துவதே சரி.

நம் மலைச்சரிவுகளில் இன்னொரு பொறி உண்டு: உருண்டு வந்து புதைந்த பாறை. திடீரென இறக்கம் நின்றால் அடிப்பாறை என்று எண்ணிவிடாமல், பக்கத்தில் துளையிட்டுப் பாருங்கள்.